11 நிமிட இக்போ

2019 நவம்பரில் 'லயன்ஹார்ட்' என்ற நைஜீரியப் படத்தை ஆஸ்கர் குழு போட்டியிலிருந்து நீக்கியது. நைஜீரியா ஆஸ்கருக்கு அனுப்பிய முதல் படம் அது. சர்வதேசப் படப் பிரிவில் போட்டியிட வேண்டுமென்றால் வசனத்தில் பாதிக்கு மேல் ஆங்கிலம் அல்லாத மொழியில் இருக்க வேண்டும் என்பது விதி. சுமார் ஒன்றரை மணி நேரம் ஓடும் இந்தப் படத்தில் இக்போ மொழி வருவது ஏறத்தாழ 11 நிமிடம்தான். மீதி கிட்டத்தட்ட எல்லாமே ஆங்கிலம்.

இணையத்தில் பெரிய சண்டை நடந்தது. நைஜீரியாவின் ஆட்சிமொழியே ஆங்கிலம்தானே, அப்படியென்றால் அந்த நாடு தன் ஆட்சிமொழியில் எடுத்த படத்தை அனுப்பவே கூடாதா என்று அமெரிக்க இயக்குநர் அவா டுவெர்னே கேட்டார். படத்தை இயக்கி, நாயகியாகவும் நடித்தவர் ஜெனிவீவ் என்னாஜி. அவர் சொன்ன பதிலின் சாரம் இது: நைஜீரியர்களான நாங்கள் இப்படித்தான் பேசுகிறோம், 500-க்கும் மேற்பட்ட மொழிகள் பேசும் நாட்டில் ஆங்கிலம்தான் பாலம், எங்களை யார் ஆளவேண்டும் என்று நாங்களா தேர்ந்தெடுத்தோம்?

இந்தப் பதில் நேர்மையானது. ஆஸ்கர் குழுவின் மேல் வந்த கோபமும் நியாயமானதுதான். ஆனால் படத்தை நெட்ஃப்ளிக்ஸில் பார்த்து முடித்ததும் எனக்கு வேறொரு கேள்வி வந்தது. கதை நடப்பது எனுகு நகரத்தில். அது இக்போ நிலத்தின் நடுவில் உள்ள ஊர். குடும்பம் இக்போ குடும்பம். தொழிலும் அந்தக் குடும்பத்தின் பேருந்து நிறுவனம்தான். அப்பா, அம்மா, மகள், மகன், சித்தப்பா என்று நகர்கிற குடும்பக் கதை. இப்படிப்பட்ட கதையிலேயே இக்போவுக்கு 11 நிமிடம்தான் கிடைக்கிறது என்றால், அந்த மொழி மற்ற இடங்களில் எப்படி இருக்கும்?

இந்தப் பதிவு அந்தக் கேள்வியைப் பற்றியது. இக்போ இளைஞர்களுக்கு அவர்களுடைய பெரியவர்கள் ஓயாமல் சொல்லிவரும் ஓர் அறிவுரையைப் பற்றியதும்கூட. "உங்கள் மொழியை மதியுங்கள், பேசுங்கள்" என்பதுதான் அந்த அறிவுரை. நல்ல அறிவுரைதான். ஆனால் அது தவறான விலாசத்துக்குப் போகிறது என்பது என் கட்சி.

இக்போ: ஒரு சின்ன அறிமுகம்

நைஜீரியாவின் மூன்று பெரிய மொழிகள் ஹவுசா, யொருபா, இக்போ. இக்போ தென்கிழக்கில் பேசப்படுகிறது. அபியா, அனம்ப்ரா, எபோன்யி, எனுகு, இமோ என்ற ஐந்து மாநிலங்களும் டெல்டா, ரிவர்ஸ் மாநிலங்களின் சில பகுதிகளும் அதன் நிலம். பேசுவோர் சுமார் 3 கோடி. சினுவா அச்செபேயின் நாவல்கள் வழியாகவும், 1967 முதல் 1970 வரை நடந்த பியாஃப்ரா போர் வழியாகவும் நம்மில் பலருக்கு இந்த மக்களைத் தெரிந்திருக்கும்.

இக்போ ஒலியழுத்த மொழி. ஒரே சொல்லைக் குரல் ஏற்றி இறக்கிச் சொன்னால் பொருள் மாறும். 'அக்வா' என்பதை நான்கு விதமாகச் சொல்லலாம். ஒரு விதத்தில் முட்டை, இன்னொன்றில் துணி, மற்றொன்றில் அழுகை, நான்காவதில் கட்டில். இதைக் காதால் பழகத்தான் முடியும். வீட்டில் பேச்சு நின்றால் புத்தகம் வைத்து மீட்பது ரொம்பக் கஷ்டம்.

சரி, 3 கோடிப் பேர் பேசும் மொழிக்கு என்ன கவலை என்று கேட்கலாம். பல ஆண்டுகளாக ஒரு செய்தி இக்போ வட்டாரங்களில் சுற்றிக்கொண்டிருந்தது: "2025-க்குள் இக்போ அழிந்துவிடும் என்று யுனெஸ்கோ சொல்லிவிட்டது." மேடையில் சொன்னார்கள், கட்டுரையில் எழுதினார்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். நமக்கும் பழக்கமான செய்திதான். தமிழ் அழியப்போகிறது என்று யுனெஸ்கோ பெயரைப் போட்டு வந்த ஃபார்வர்டுகளைப் பார்க்காதவர் யார்?

2025 வந்தது, போயும் விட்டது. இக்போ சாகவில்லை. கோடிக்கணக்கானவர்கள் பேசும் மொழி ஒரு குறிப்பிட்ட வருடத்தில் செத்துப்போகாது. இந்த மாதிரி பயமுறுத்தலில் எனக்கு இரண்டு புகார்கள் உண்டு. தேதி கடந்ததும் "பார், ஒன்றும் ஆகவில்லையே" என்று சும்மா இருந்துவிட இது வழிசெய்கிறது, அது ஒன்று. மொழி உண்மையில் எப்படிப் பின்வாங்குகிறது என்பதை இது மறைக்கிறது, அது இரண்டு. மொழி ஒரே நாளில் போவதில்லை. அறை அறையாகக் காலி செய்துகொண்டு போகிறது. முதலில் அலுவலகம், பிறகு பள்ளிக்கூடம், பிறகு கூடம். கடைசியில் பூஜை அறையும் சமையலறையும்தான் மிஞ்சும்.

எந்த அறை எப்போது காலியானது என்று பார்க்க நைஜீரிய சினிமாவைப் போல வசதியான இடம் வேறில்லை.

நோலிவுட் இக்போவில் பிறந்தது

இன்றைக்கு நோலிவுட் என்றால் ஆங்கிலப் படம் என்றுதான் உலகம் நினைக்கிறது. ஆனால் அந்தத் தொழிலுக்கு விதை போட்டதாக எல்லோரும் சொல்லும் படம் 1992-இல் வந்த 'லிவிங் இன் பாண்டேஜ்'. பெயர்தான் ஆங்கிலம். படம் இக்போ. ஆங்கிலத்தில் துணையெழுத்து போட்டிருந்தார்கள். தியேட்டருக்கு வராமல் நேராக விஎச்எஸ் கேசட்டில் வந்தது.

கதை இதுதான். ஆண்டி ஒகெக்கே என்பவன் லாகோஸில் பணமில்லாமல் அல்லாடுகிறான். கூடப் பழகியவர்கள் எல்லாம் காரும் பங்களாவுமாக இருக்கிறார்கள். பணக்காரனாக ஆசைப்பட்டு ஒரு ரகசியக் கூட்டத்தில் சேருகிறான். அவர்கள் கேட்கும் விலை அவன் மனைவி மெரிட்டின் உயிர். கொடுக்கிறான். பணம் வருகிறது, பின்னாலேயே மெரிட்டின் ஆவியும் வருகிறது.

யூடியூபில் இந்தப் படம் கிடைக்கிறது. ஒளிப்பதிவு மங்கல், ஒலி அதைவிட மோசம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஆண்டியும் அவன் நண்பன் பாலோவும் எதைப் பற்றிப் பேசுகிறார்கள்? பணம், தொழில், பொறாமை, பெண்கள், அந்தஸ்து. 1992-இன் லாகோஸ் நகரத்து இளைஞனின் தலைக்குள் இருந்த அத்தனையும் இக்போவில் வருகிறது. அங்கே இக்போ பாட்டியின் மொழி கிடையாது, சடங்கின் மொழியும் கிடையாது. பேராசையின் மொழி, நகரத்தின் மொழி. தன் மொழியை மதிக்கும்படி யாரும் ஆண்டிக்குப் பாடம் எடுக்கவில்லை. அவனுக்கு வேறு மொழியில் ஆசைப்படத் தெரியாது, அவ்வளவுதான்.

தயாரிப்பாளர் கென்னத் என்னெபுவே ஒரு வியாபாரி. அதற்கு முன்பு யொருபா மொழியில் வீடியோப் படங்கள் தயாரித்தவர். 'லிவிங் இன் பாண்டேஜ்' பெரிய வெற்றி. இக்போ பேசாதவர்களும் துணையெழுத்தைப் படித்துக்கொண்டே பார்த்தார்கள். அடுத்து அவர் என்ன செய்தார்? 1994-இல் 'கிளாமர் கேர்ள்ஸ்' எடுத்தார். ஆங்கிலத்தில். அதுவும் ஓடியது. அதன் பிறகு கதவு ஒரே பக்கம்தான் திறந்தது.

வியாபாரக் கணக்காகப் பார்த்தால் இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. லாகோஸில் இடுமோட்டா, ஒனிட்ஷாவில் இவெக்கா ரோடு, அபாவில் பவுண்ட் ரோடு என்று கேசட் சந்தைகளைக் கையில் வைத்திருந்தவர்களில் பெரும்பாலோர் இக்போ வியாபாரிகள். இக்போவில் எடுத்தால் தென்கிழக்கில் விற்கலாம். ஆங்கிலத்தில் எடுத்தால் நாடு முழுக்க விற்கலாம், கானாவில் விற்கலாம், லண்டனில் விற்கலாம். நான் அந்த இடத்தில் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

ஆனால் பக்கத்து வீட்டில் என்ன நடந்தது என்றும் பார்க்க வேண்டும். யொருபா சினிமா யொருபாவிலேயே நின்றது. ஹூபர்ட் ஒகுண்டே போன்றவர்கள் ஊர் ஊராக நாடகம் போட்டு வளர்த்த ஒரு ரசிகர் கூட்டம் அதற்கு ஏற்கெனவே இருந்தது. வடக்கே கானோவில் ஹவுசா சினிமா தனியாக வளர்ந்து கேனிவுட் என்ற பெயரே வாங்கிவிட்டது. 1990-இல் 'துர்மின் தன்யா' என்ற ஹவுசா வீடியோப் படத்தில் தொடங்கிய ஓட்டம் அது. மூன்று பெரிய மொழிகளில் இரண்டுக்குச் சொந்த சினிமா இருக்கிறது. மூன்றாவது மொழிக்காரர்கள் நாடு முழுமைக்கும் ஒரு சினிமாவைக் கட்டிக் கொடுத்துவிட்டு, தங்கள் மொழியை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போனார்கள்.

இந்த முடிவை எடுத்தவர்கள் யாரும் இன்றைய இளைஞர்கள் இல்லை. இன்றைக்கு அறிவுரை சொல்லும் தலைமுறைதான் எடுத்தது.

மொழி போனது, உச்சரிப்பு நின்றது

அடுத்த கட்டத்துக்கு 'ஒசுவோஃபியா இன் லண்டன்' (2003) நல்ல உதாரணம். என்கெம் ஒவோ நடித்த நகைச்சுவைப் படம். ஆப்பிரிக்கா முழுக்கச் சிரித்தது, நானும் சிரித்தேன். இக்போ கிராமத்து ஆள் ஒருவன் இறந்துபோன அண்ணனின் சொத்தை வாங்க லண்டன் போகிறான். அவன் பேசும் ஆங்கிலம்தான் படத்தின் பாதி நகைச்சுவை.

இங்கே இக்போ கொஞ்சமாகத்தான் காதில் விழுகிறது. அதன் நிழல் மட்டும் ஆங்கிலத்தின் மேல் விழுகிறது. இக்போத்தனம் என்பது ஓர் உச்சரிப்பு, ஒரு சிரிப்பு, ஒரு பட்டிக்காட்டு அடையாளம் என்றாகிறது. என்கெம் ஒவோ அபாரமான நடிகர், அவர்மேல் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. ஆனால் இப்படிப்பட்ட படங்களைப் பார்த்து வளரும் பத்து வயதுப் பையன் சொல்லித்தராமலே ஒன்றைக் கற்றுக்கொள்கிறான்: நல்ல ஆங்கிலம் பேசினால் நாயகன், இக்போ வாடை அடித்தால் கோமாளி.

பள்ளியிலும் அதே பாடம்தான். 'வெர்னாகுலர்' பேசினால் அபராதம் என்ற விதி நைஜீரியப் பள்ளிகளில் தலைமுறைகளாகப் பழகிய ஒன்று. நம்மூர் ஆங்கிலவழிப் பள்ளிகள் சிலவற்றில் படித்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம்.

அதற்கு முன்பே இன்னொரு வேடிக்கை நடந்திருக்கிறது. 1987-இல் நைஜீரிய அரசுத் தொலைக்காட்சி அச்செபேயின் 'திங்ஸ் ஃபால் அபார்ட்' நாவலைத் தொடராக எடுத்தது. நாயகன் ஒகொன்க்வோவாக நடித்துப் புகழ்பெற்றவர் பீட் எடோச்சி. வெள்ளைக்காரன் வருவதற்கு முன்பிருந்த இக்போ கிராமத்தின் மல்யுத்த வீரன் டிவியில் ஆங்கிலம் பேசினான். நாவலே ஆங்கிலத்தில்தானே இருக்கிறது என்பீர்கள். உண்மை. ஆனால் நாவலில் அது அச்செபே நமக்காகச் செய்யும் மொழிபெயர்ப்பு என்று வாசகனுக்குத் தெரியும். திரையில் வாய் அசைகிறதே!

மகன் ஆங்கிலத்தில் பாவம் செய்கிறான்

'லயன்ஹார்ட்' நீக்கப்பட்ட அதே 2019 நவம்பரில், 'லிவிங் இன் பாண்டேஜ்' படத்தின் தொடர்ச்சி நைஜீரியத் திரையரங்குகளுக்கு வந்தது. 'பிரேக்கிங் ஃப்ரீ' என்ற துணைப்பெயரோடு ராம்சி நோவா இயக்கியது. நாயகன் என்னம்டி, ஆண்டி ஒகெக்கேயின் மகன். அவனுக்கும் சொகுசு வாழ்க்கை வேண்டும். அவனையும் அதே ரகசியக் கூட்டம் இழுக்கிறது. பழைய ஆண்டியாக நடித்த கென்னத் ஒகொன்க்வோவே இதிலும் வருகிறார், இப்போது பாதிரியாராக.

படம் பளபளவென்று இருக்கிறது. ஆங்காங்கே இக்போவும் வருகிறது. ஆனால் படத்தின் முதன்மை மொழி ஆங்கிலம். 27 வருட இடைவெளியில் அதே கதை, அதே ஆசை, அதே குடும்பம். அப்பா இக்போவில் பாவம் செய்தார், மகன் ஆங்கிலத்தில் செய்கிறான்.

இயக்குநர் இதை யோசித்துச் செய்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. அதனால்தான் இது முக்கியம். யாரும் முடிவெடுக்காமலே நடந்துவிடும் மாற்றம்தான் நிலைத்து நிற்கும்.

'லயன்ஹார்ட்'டில் எது எந்த அறையில்

இப்போது 'லயன்ஹார்ட்'டுக்குத் திரும்புவோம். அப்பாவாக பீட் எடோச்சி, சித்தப்பாவாக என்கெம் ஒவோ, அம்மாவாகப் பாடகி ஒன்யேகா ஒன்வெனு. மகள் அடயேஸாக என்னாஜி. அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போக, கடனில் மூழ்கிய பேருந்து நிறுவனத்தை மகள் காப்பாற்ற வேண்டும். ஆனால் அப்பா தலைமைப் பொறுப்பைச் சித்தப்பாவிடம் கொடுக்கிறார். பிறகு இருவரும் சேர்ந்து போராடுகிறார்கள். அமைதியான, அன்பான படம். துப்பாக்கி இல்லை, பேய் இல்லை. எனக்குப் பிடித்திருந்தது.

இதில் மொழி எப்படிப் பிரிகிறது என்று பாருங்கள். நிர்வாகக் குழுக் கூட்டம், வங்கி, கடன், பேரம் எல்லாம் பெரும்பாலும் ஆங்கிலம். இக்போ வருமிடங்கள் பெரும்பாலும் மூத்தவர்களைச் சுற்றியே. அன்பு, கேலி, பழமொழி, ஆறுதல் எல்லாம் இக்போ. சம்பளமும் எதிர்காலமும் ஆங்கிலம்.

என்னாஜி சொன்னது சரி. நிஜத்தில் அப்படித்தான் பேசுகிறார்கள். படம் ஒரு நல்ல கண்ணாடி. ஆனால் கண்ணாடியில் தெரிவது என்ன? இக்போவை யாரும் வெறுக்கவில்லை. எல்லோரும் நேசிக்கிறார்கள். அந்த நேசத்துக்கு ஒதுக்கிய நேரம் 11 நிமிடம்.

ஆக, இளைஞர்களிடம் போய் "மொழியை நேசி" என்று சொல்வதில் பயனில்லை என்றுதான் நினைக்கிறேன். நேசம் ஏற்கெனவே இருக்கிறது. அந்த மொழியில் செய்ய வேலைதான் இல்லை.

என்னோடு கொஞ்ச காலம் ஒரே டீமில் வேலை பார்த்த ஓர் இக்போ இளைஞர் உண்டு. லாகோஸில் பிறந்து வளர்ந்தவர். இக்போ தெரியுமா என்று கேட்டபோது, "புரியும், பேச வராது" என்றார். எப்படி அப்படி ஆனது என்றதற்கு அவர் சொன்னது: "எங்களுக்குத் தெரியக்கூடாத விஷயம் பேசும்போதுதான் அப்பாவும் அம்மாவும் இக்போவுக்கு மாறுவார்கள். அதனால் நாங்கள் கஷ்டப்பட்டுப் புரிந்துகொள்ளக் கற்றுக்கொண்டோம்." கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போய் இரண்டு வார்த்தை பேசினால் ஒலியழுத்தம் தப்பாகி, சொந்தக்காரர்கள் சிரிப்பார்களாம். அத்தோடு ஆங்கிலத்துக்குத் திரும்பிவிடுவாராம்.

இந்த 'புரியும், பேச வராது' தலைமுறைதான் ஆபத்தான கட்டம். இவர்கள் மொழியைத் தொலைக்கவில்லை, பாதி வைத்திருக்கிறார்கள். ஆனால் அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கப் பாதி போதாது. பேசாதவரின் பிள்ளைக்குப் புரியவும் செய்யாது. 3 கோடி என்ற எண்ணிக்கை இதைக் காட்டாது.

திருத்துகிறவர்கள்

பேச முயல்கிற இளைஞனுக்கு அடுத்து என்ன கிடைக்கிறது? திருத்தம்.

இக்போவில் ஏகப்பட்ட வட்டார வழக்குகள். அவற்றிலிருந்து பொதுவாக ஒன்றை உருவாக்க மிஷனரிகள் முயன்றார்கள். தாமஸ் டென்னிஸ் தலைமையில் பல வழக்குகளைக் கலந்து உருவான 'யூனியன் இக்போ'வில் 1913-இல் பைபிள் வந்தது. பிறகு எழுத்துமுறைச் சண்டை. 1929-இல் அரசு ஒரு புது எழுத்துமுறையை எடுத்துக்கொள்ள, கத்தோலிக்கர் ஒரு பக்கம், புராட்டஸ்டன்டுகள் ஒரு பக்கம் என்று பிரிந்து நின்றார்கள். 1961-இல் ஒன்வு குழுவின் எழுத்துமுறை வந்துதான் அது ஓய்ந்தது. ஒரு மொழியை எப்படி எழுதுவது என்று தீர்மானிக்கவே 30 வருடங்களுக்கு மேல்!

1949-இல் ஒக்பாலு இக்போ வளர்ச்சிக்கென ஒரு சங்கம் தொடங்கினார். பொது இக்போவை வளர்க்கவும், புதுச் சொற்களை ஆக்கவும், பாடப்புத்தகம் போடவும் பெரிய உழைப்பு நடந்தது. அந்த உழைப்பை நான் குறைத்துப் பேசமாட்டேன். பல்கலைக்கழகத்துக்கு 'மஹாதும்' என்று ஒரு சொல் இருக்கிறது, 'எல்லாம் அறிதல்' என்ற பொருள்பட. எவ்வளவு நல்ல சொல்! வண்டிக்கு 'உக்போ அலா', அதாவது நிலத்தோணி. விமானத்துக்கு 'உக்போ எலு', வான்தோணி. நம் கலைச்சொல் ஆர்வலர்களுக்கு இதெல்லாம் பிடித்துப்போகும்.

ஆனால் அச்செபே இந்தப் பொது இக்போவை ஏற்கவேயில்லை. 1999-இல் ஓவெரி நகரில் ஒடெனிக்போ என்ற சொற்பொழிவு வரிசையில் இக்போவில் பேசினார், தன் சொந்த வட்டார வழக்கில். டென்னிஸின் யூனியன் இக்போவைக் கடுமையாகத் தாக்கினார். யாரும் பேசாத ஒரு மொழியை மேலிருந்து சுமத்தி, வழக்குகளின் உயிரை எடுத்துவிட்டார்கள் என்பது அவர் வாதம்.

அச்செபே முழுக்கச் சரி என்று நான் சொல்லவில்லை. பள்ளிக்கும் தேர்வுக்கும் ஒரு பொது வடிவம் வேண்டும். தன் நாவல்களை ஆங்கிலத்தில் எழுதியவர் பொது இக்போவைக் குறைசொல்வதில் ஒரு முரண் இருக்கிறது என்று அவர் விமர்சகர்கள் கேட்டதும் நியாயமே. ஆனால் அவர் தொட்ட இடம் சரியான இடம். வீட்டில் ஒரு வழக்கைக் கேட்டு வளரும் குழந்தையிடம் பள்ளி "இது தப்பு" என்கிறது. ஆங்கிலம் கலந்தால் 'இங்கிலிக்போ' என்று கேலி. போனில் எழுதும்போது எழுத்தின் கீழ்ப் புள்ளி வைக்காவிட்டால் கண்டனம்.

புள்ளியைப் பற்றி என் தொழில் சார்ந்து ஒரு வார்த்தை. இக்போவின் கீழ்ப்புள்ளி உயிரெழுத்துகள் யூனிகோடில் தனி எழுத்தாகவே இருக்கின்றன, வியட்நாமிய எழுத்துகளின் வரிசையில். ஆனால் புள்ளியோடு ஒலியழுத்தக் குறியும் வேண்டுமென்றால் தனிக் குறியை மேலே ஒட்ட வேண்டும். சில எழுத்துருக்களில் அது சிதறி ஓடும். சாதாரண விசைப்பலகையில் இதையெல்லாம் தட்ட ஒருவருக்கும் பொறுமை இருக்காது. அதனால் இளைஞர்கள் புள்ளி இல்லாமல் எழுதுகிறார்கள், சூழலை வைத்துப் புரிந்துகொள்கிறார்கள். மென்பொருள் உலகில் ஒரு வழக்கம் உண்டு. பயனர்கள் எல்லோரும் ஒரே 'தப்பை'ச் செய்தால், பிழை வடிவமைப்பில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வோம். பயனரைத் திட்டமாட்டோம். தினமும் எழுதப்படும் புள்ளியில்லாத இக்போ, பீரோவில் பூட்டிய புள்ளி வைத்த இக்போவைவிட உயிரோடு இருக்கிறது.

ஃபினோ ஏன் ஜெயித்தார்

'லயன்ஹார்ட்'டில் அடயேஸின் தம்பி ஒபியோராவாக வருபவர் ஃபினோ. படத்தில் பாடகராகத் துடிக்கும் பையன். நிஜத்தில் நைஜீரியாவின் பெரிய ராப் பாடகர்களில் ஒருவர், பெரும்பாலும் இக்போவில் பாடுபவர். 2014-இல் வந்த அவருடைய 'நோ கட்ஸ் நோ குளோரி' ஆல்பத்தை இக்போ தெரியாதவர்களும் கேட்டார்கள். லாகோஸில், அபுஜாவில், கிளப்பில், டாக்ஸியில்.

அவர் "தாய்மொழியைக் காப்போம்" என்று பாடவில்லை. காசு, நட்பு, தெரு, வீறாப்பு பற்றிப் பாடினார். ஆங்கிலத்தைத் தாராளமாகக் கலந்தார். அந்த எதுகையும் தாளமும் இக்போவின் ஏற்ற இறக்கத்திலிருந்து வந்தவை, ஆங்கிலத்தில் சொன்னால் செத்துவிடும். அதாவது இக்போ அங்கே தேவைப்பட்டது. 1992-இல் ஆண்டிக்கு இருந்த அதே நிலைமை.

ஒரு ராப் பாடல் பள்ளிக்கூடத்துக்கு மாற்றாகாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 20 வயதுப் பையன் பெருமையாக இக்போ பேசும் ஓர் அறையை அது திறந்தது. எத்தனை கருத்தரங்குகளால் அது முடிந்திருக்கும்?

அரசு பக்கம் பார்த்தால் அறைகள் திறப்பதும் மூடுவதுமாக இருக்கின்றன. 1977-இன் தேசியக் கல்விக் கொள்கையிலேயே தாய்மொழிக் கல்வி உண்டு. 1999 அரசியல் சட்டத்தின் 97-ஆவது பிரிவு, மாநிலச் சட்டமன்றங்கள் ஆங்கிலத்தோடு அந்த மாநில மொழியிலும் நடக்கலாம் என்கிறது. 2022-இல் முதல் ஆறு வகுப்புகள் தாய்மொழியில் என்று மத்திய அரசு அறிவித்தது. 2025 நவம்பரில் கல்வி அமைச்சர் துன்ஜி அலவுசா அதை ரத்து செய்வதாக அறிவித்தார். தாய்மொழியில் கற்பித்த பகுதிகளில் தேர்ச்சி குறைந்தது என்பது அவர் சொன்ன காரணம். மூன்றே வருடம். முதல் வகுப்பில் அந்தக் கொள்கையின்படி சேர்ந்த குழந்தை நான்காம் வகுப்பைக்கூட முடித்திருக்காது.

இதையும் வைத்துக்கொண்டு இளைஞனைப் பார்த்து "உனக்கு மொழிப்பற்று இல்லை" என்றால் அவன் என்ன செய்வான்?

ஒரு சின்னச் சோதனை

படம் பார்க்கும்போது நான் இப்போது ஒரு சோதனை வைத்திருக்கிறேன். முப்பது வயதுக்குட்பட்ட இரண்டு பேர், பெரியவர் யாரும் பக்கத்தில் இல்லாமல், தங்களுக்குள் அந்த மொழியில் பேசுகிறார்களா? பேசும் விஷயம் சடங்கோ பழமொழியோ நகைச்சுவையோ அல்லாமல் வேலை, காசு, காதல், எதிர்காலம் என்று இருக்கிறதா?

1992-இன் மங்கலான கேசட் இதில் சுலபமாகத் தேறுகிறது. நெட்ஃப்ளிக்ஸ் தரத்தில் எடுத்த பிறகு வந்த படங்களுக்குப் போட்டுப் பாருங்கள், எத்தனை தேறுகின்றன என்று. ஆஸ்கர் குழு நிமிடத்தை எண்ணியது. நான் ஆளை எண்ணச் சொல்கிறேன். நிமிடம் குறைவாக இருந்தாலும் சரியான ஆட்கள் பேசினால் மொழிக்கு நாளை உண்டு.

இக்போப் பெரியவர்களுக்குச் சொல்லும் தகுதி எனக்கில்லை. இக்போ எனக்குப் பத்துச் சொல் தெரிந்தால் அதிகம். இந்தப் பதிவுக்காகப் படித்த, "இக்போ பேசுங்கள்" என்று வலியுறுத்தும் கட்டுரைகள் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. அதனால்தான் என்னால் படிக்க முடிந்தது. ஆனால் விமர்சகனாக ஒன்று சொல்லலாம். இளைஞர்களிடம் பற்றைக் கேட்பதற்குப் பதிலாக அவர்களுக்கு வேலையைக் கொடுங்கள். அடுத்த 'லயன்ஹார்ட்'டில் அந்த நிர்வாகக் குழுக் கூட்டத்தை இக்போவில் நடத்துங்கள், துணையெழுத்து போடுங்கள். நெட்ஃப்ளிக்ஸ் உலகமே துணையெழுத்து படிக்கப் பழகிவிட்டது. தப்பாகப் பேசும் பையனை ஒரு வருடத்துக்குத் திருத்தாமல் விடுங்கள். கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வருகிறவன் 'முட்டை' என்று சொல்ல வந்து 'அழுகை' என்று சொன்னால் சிரிக்காதீர்கள். முட்டையை எடுத்துக் கொடுங்கள், போதும்.